நீளமாக இருந்தால் தவளை

"அதை மொதல்ல மேஜையிலேர்ந்து எடு," என்றார் அத்தை.

நான் எடுக்கவில்லை. ஜாம் பாட்டிலை என் பக்கமாகச் சற்று நகர்த்திக்கொண்டேன்.

"குளத்துல கெடச்சுது அத்தை. என்ன முட்டைன்னு உங்ககிட்ட கேக்கலாம்னு கொண்டுவந்தேன்."

"தவளை."

அவருடைய மூக்குக்கண்ணாடி அலமாரிமேல் இருந்தது. பாட்டில் மேஜையின் மறுகோடியில் இருந்தது. கண்ணாடி இல்லாவிட்டால் அந்தத் தொலைவில் அவருக்குச் சுவர்க்கடிகாரமே தெரியாது.

"கிட்ட வந்து பாருங்களேன். கறுப்பு மணி கோத்த மாதிரி நீளநீளமா இருக்கு."

"அதத்தான் சொல்றேன். நீளமா இருந்தா தவளை. கொத்தா இருந்தா தேரை. எட்டாங்கிளாஸ் பாடம். உங்க இங்கிலீஷ் ஸ்கூல்ல இதெல்லாம் கெடையாது போல."

"இருக்கு அத்தை. ஆனா எங்க புத்தகத்துல மாத்திப் போட்டிருக்கு. கொத்துதான் தவளையாம். நீளம் தேரையாம்."

"அப்ப புத்தகம் தப்பு."

செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து மாமா, "குளத்துக்கு யாராவது சொல்லியாச்சா?" என்றார். "அது பாட்டுக்குத் தப்பாப் போட்டுக்கிட்டே இருக்கப்போகுது."

"உங்களை யாரும் கேக்கல."

"என்னை எப்பதான் கேட்டிருக்கீங்க, டீச்சர்?"

"நாலு நாள் வெச்சிருந்தா பொரிஞ்சுடும் அத்தை," என்றேன். "குஞ்சு சின்னதா, கன்னங்கரேல்னு இருந்தா தேரைன்னு—"

"நாலு நாளைக்கு இந்தக் கண்றாவி இந்த வீட்டுல இருக்காது."

எழுந்து வந்தார். பாட்டிலை எடுத்துப்போய்ப் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தார். தண்ணீர் போய்விட்டது. முட்டைச்சரம் போகவில்லை, வடிகட்டித் தகட்டில் சுருண்டு கிடந்தது. ஒரு தேக்கரண்டியைத் திருப்பிப் பிடித்து, அதன் காம்பால் அதைத் துளைதுளையாக உள்ளே தள்ளினார். அவசரமே படவில்லை. விடைத்தாள் திருத்தும்போது இருக்கும் அதே பொறுமை. பிறகு கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, "பாடத்தைப் புத்தகத்துல படிக்கணும். சாக்கடையில இல்ல," என்றார்.

"இப்பத்தானே புத்தகம் தப்புன்னீங்க?" என்றார் மாமா.

அன்று மாமாவுக்கு டீ ஆறித்தான் வந்தது.

அப்போது எனக்குப் பதினாறு வயது. அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தது. நான் எட்டாம் வகுப்புவரை தமிழில் படித்துப் பிறகு ஆங்கிலப் பள்ளிக்கு மாறியவள். மறுபடியும் பள்ளி மாற்றினால் தாங்கமாட்டேன் என்று என்னைத் தன் அக்கா வீட்டில் இரண்டு வருஷம் விட்டுவைத்தார். அந்த இரண்டு வருஷமும் அத்தைதான் எனக்குச் சோறு போட்டார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நினைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

தெருவில் எல்லாருக்கும் அவர் டீச்சர்தான். கட்டிய கணவருக்கும்கூட. மாமா அஞ்சலகத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப்போடும் வேலையில் இருந்தார். பிழைப்பு முழுக்க மற்றவர்களின் முகவரியைப் படித்தே கழிந்ததாலோ என்னவோ, வீட்டில் கேலியைத் தவிர வேறெதையும் பேச அவருக்கு வராது. பள்ளிப் பிள்ளைகள் மட்டும் அத்தையை முதுகுக்குப் பின்னால் 'பிழை' என்றார்கள். விடைத்தாளின் குறுக்கே, மூலைக்கு மூலை, சிவப்பு மையில் அந்த ஒரு சொல்லை எழுதுவார். சரியானது எது என்று பக்கத்தில் எழுதினதாக ஒருவரும் சொல்லக் கேட்டதில்லை.

அவர் வீட்டுக்குள் போனால் முதலில் கண்ணில் படுவது சீட்டுகள். ஒவ்வொரு டப்பாவிலும் ஒரு வெள்ளைக் காகிதச் சீட்டு, உருண்டையான கையெழுத்து, நான்கு ஓரமும் பசை. 'சர்க்கரை', 'மிளகு', 'ரசீது', 'பட்டாணி'. பட்டாணி டப்பாவில் ஆறு வருஷமாகத் தையல்நூல் இருந்தது. ஒருமுறை சீட்டை மாற்றட்டுமா என்று கேட்டேன். "எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். பட்டாணி வாங்கினா அதுல போட்டுக்கலாம்," என்றார். உள்ளே இருப்பது என்ன என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. மேலே எழுதியிருக்க வேண்டும், அவர் கையால் எழுதியிருக்க வேண்டும்.

அவர் படித்தது புவியியல். பள்ளியில் உயிரியல் ஆசிரியை திடீரென்று வேலையை விட்டுப் போனபோது, தலைமையாசிரியர் யாராவது பார்த்துக்கொள்கிறீர்களா என்று ஆசிரியர் அறையில் பொதுவாகக் கேட்டார். அத்தை கையைத் தூக்கினார். உயிர்கள்மேல் ஆசை வந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். புவியியலுக்கு ஒரு சுருட்டிய வரைபடம்தான் உண்டு. உயிரியலுக்கு ஓர் அறை, அந்த அறைக்கு ஒரு சாவி, அதிகாரம் பண்ணக் கீழே ஓர் ஆள்.

அந்த ஆளைப் பிள்ளைகள் லேப் அண்ணன் என்பார்கள். ஒல்லியானவர். பீக்கர் கழுவிக் கழுவி விரல்நுனிகள் எப்போதும் ஊறி வெளுத்திருக்கும். தற்காலிக வேலை. அத்தை உயிரியலுக்கு வந்த அதே வருஷம் சேர்ந்தவர். நான் பார்த்தபோது பதினாலு வருஷமாகத் தற்காலிகமாகவே இருந்தார். அந்த வருஷம்தான் அவரை நிரந்தரமாக்கும் தாள் ஒருவழியாக நகர்ந்து வந்து, பொறுப்பாசிரியையின் பரிந்துரைக் கையெழுத்துக்காக அத்தையின் மேஜை இழுப்பறைக்குள் காத்திருந்தது. நிரந்தரமானால் பள்ளிக்குப் பின்னாலுள்ள ஊழியர் குடியிருப்பில் ஒரு வீடு கிடைக்கும். அவர் மனைவி பூட்டிக் கிடந்த அந்த வீட்டுக்குப் போய், வெளியிலிருந்தே ஜன்னலைச் சாண் கணக்கில் அளந்து, திரைச்சீலைகூடத் தைத்து வைத்துவிட்டார்.

அத்தை பொறுப்பேற்ற புதிதில், கல்வி அலுவலகத்திலிருந்து ஆய்வகத்துக்கு ஒரு பெரிய படம் வந்தது. குளத்து உயிர்கள் பற்றியது. துணியில் ஒட்டிய வழுவழுப்பான தாள். அதன் நடுவே முட்டைகள். வெந்த ஜவ்வரிசியை அள்ளி வைத்ததுபோல் ஒரு கொத்து. பாசியில் சுற்றிய ஒரு நீளச் சரம். இலையின் அடியில் நத்தை முட்டை. எல்லாவற்றுக்கும் பெயர் ஆங்கிலத்தில் இருந்தது. பாடமோ தமிழில். எனவே அத்தை தமிழ்ப் பெயர்களைச் சீட்டுகளில் எழுதினார். லேப் அண்ணன் அவற்றை ஆங்கிலத்தின்மேல் ஒட்டினார். அன்று முதல் அந்தப் பள்ளியில் கொத்து தேரையாகவும் சரம் தவளையாகவும் ஆனது.

ஆண்டுக்கொரு முறை எட்டாம் வகுப்பைக் குளத்துக்குக் கூட்டிப்போவார். குளம் ஒன்றும் தொலைவில் இல்லை, பள்ளி மதிலை ஒட்டித்தான். அத்தை சிமெண்டுக் கரையில் குடை பிடித்து நிற்பார். லேப் அண்ணன் காற்சட்டையை மடித்துக்கொண்டு முழங்கால் ஆழத்தில் இறங்கி, பீங்கான் தட்டில் முட்டைகளை ஏந்தி வருவார். அத்தை ஸ்கேலால் தொடாமல் சுட்டிக்காட்டுவார். "நீளம், தவளை. கொத்து, தேரை. எழுதிக்கோங்க." இருபது நிமிஷத்தில் பாடம் முடிந்துவிடும். முட்டைகள் தண்ணீருக்கே திரும்பிப் போகும். அவற்றிலிருந்து என்ன வெளிவருகிறது என்று இருந்து பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை. கிணற்றுத் தவளை என்று சிலரைக் கேவலமாகச் சொல்கிறோம். அது கிணற்றுக்குள்ளாவது இருக்கிறது. அத்தை பதினாலு வருஷத்தில் அந்தக் குளத்தில் ஒரு கால்விரலைக்கூட நனைத்ததில்லை.

முதல் வருஷமே ஒரு பெண் செய்முறைத் தேர்வில் மாற்றி எழுதினாள். குழாய் பழுதுபார்க்கிறவரின் மகள். ஐந்து மதிப்பெண் போயிற்று, அதோடு அவளுடைய முதலிடமும் போயிற்று. அவள் அப்பா பள்ளிக்கு வந்தார்.

"டீச்சர், நான் தெனமும் தண்ணிலதான் நிக்கறேன். நீளமாக் கெடக்கறது தேரை முட்டை. சின்னப் புள்ளையிலேர்ந்து பாக்கறேன்."

"நீங்க குழாயப் பாருங்க. பாடத்த நான் பாத்துக்கறேன்," என்றார் அத்தை. படத்தையும் காட்டினார். குழாய்க்காரர் சீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

இந்தக் கதையை அத்தை சாப்பாட்டு மேஜையில் பலமுறை சொல்லியிருக்கிறார். தான் ஜெயித்த கதையாகத்தான் சொல்வார். அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள் என்று மாமா ஒருமுறை கேட்டார். அத்தைக்குத் தெரிந்திருக்கவில்லை.

நான் ஜாம் பாட்டிலோடு போய் நின்றதற்குச் சில மாதங்கள் கழித்து, நகராட்சி அந்தக் குளக்கரையில் நடைபாதை போட்டது. ஓர் அறிவிப்புப் பலகையும் வைத்தது. 'நம் குளத்தின் உயிர்கள்' என்று தலைப்பு. உள்ளே இருந்த வரிகள் அத்தை எழுதிக் கொடுத்தவை. கீழே, பலகையைப் பராமரிப்போர் பெயருக்கும் மேலே, அத்தையின் பெயர். அந்த வாரம் தெருவில் யார் எதிரில் வந்தாலும் குளக்கரைக் காற்று உடம்புக்கு நல்லது, ஒரு நடை போய்வாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்படி நடை போனவர்களில் ஒருவர் வெளியூர்க்காரர். எங்கோ ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறவர். பலகையைப் படித்திருக்கிறார், பக்கத்திலேயே தண்ணீரையும் பார்த்திருக்கிறார். பத்து நாளில் பள்ளிக்கு ஒரு கடிதம் வந்தது, ஆங்கிலத்தில். அத்தைக்கு ஆங்கிலம் தெரியும். அதாவது, தெரியாது என்று அவர் எங்கும் சொன்னதில்லை. கடிதத்தை வீட்டுக்கு எடுத்துவந்தார்.

"இதைக் கொஞ்சம் சத்தமாப் படி. என் கண்ணாடி சரியில்ல."

"இங்கிலீஷ்லயே படிக்கவா, தமிழ்ல சொல்லவா?"

"ரெண்டுந்தான்."

மிகவும் பணிவான கடிதம். பலகை அழகாக இருக்கிறது, குழந்தைகள் நின்று படிக்கிறார்கள், ஒரே ஒரு சிறு திருத்தம்: சரமாக இருப்பவை தேரையின் முட்டைகள், கொத்தாக இருப்பவை தவளையுடையவை, அச்சிடும்போது இடம் மாறியிருக்கலாம். கல்வி அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்பியிருப்பதாகக் கடைசியில் இருந்தது.

முட்டைகளைப் பற்றி நான் படித்தபோது அத்தை நகம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரிக்குத்தான் நிமிர்ந்தார்.

"நகல் யாருக்குப் போயிருக்கு? திருப்பிப் படி."

படித்தேன். அத்தை கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்தார். பிறகு, "நாளைக்கு ஸ்கூல் விட்டதும் நம்ம லேபுக்குப் போய் அந்தச் சார்ட்டச் சுருட்டி வாங்கிட்டு வா. நான் சொன்னேன்னு சொல்லு," என்றார்.

மறுநாள் போனேன். லேப் அண்ணன் படத்தை ஆணியிலிருந்து இறக்கி, நீளமேஜையில் விரித்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணா, இந்தச் சீட்டெல்லாம் எடுத்தா கீழ என்ன இருக்கும்?"

"இங்கிலீஷ் இருக்கும். நான்தானே ஒட்டினேன்."

"என்ன எழுதியிருந்துதுன்னு படிச்சீங்களா?"

"படிக்கத் தெரிஞ்சா நான் ஏன் பாப்பா பீக்கர் கழுவிக்கிட்டிருக்கேன்?"

ஈரத்துணியை இரண்டு சீட்டுகள்மேலும் போட்டுக் கொஞ்சநேரம் விட்டார். பழைய பசை, இளகிக்கொடுத்தது. சீட்டுகள் கிழியாமல் வந்தன. கொத்தின் கீழே தவளை என்றும் சரத்தின் கீழே தேரை என்றும் ஆங்கிலத்தில் தெளிவாக அச்சிட்டிருந்தது. அவரிடம் சொன்னேன்.

அவர் சிரித்தார். "இதக் கண்டுபிடிக்க இங்கிலீஷ் வேணுமா? ஒரு பக்கெட் போதும்."

இரண்டாம் வருஷமே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். குளத்துக்குப் போய்வந்த அன்று, கழிவறைக்குப் பின்னால் ஓர் உடைந்த பக்கெட்டில் தண்ணீர் பிடித்து ஒரு முழம் சரத்தைப் போட்டுவைத்தார். கறுத்த பொடிப்பொடிக் குஞ்சுகள் கூட்டமாக வந்தன. ஒரு மாதத்துக்குமேல் பள்ளிச் சமையற்கட்டிலிருந்து கீரைத்தண்டை வேகவைத்து வாங்கிப்போட்டு வளர்த்தார். கால் முளைத்து, வால் சுருங்கி, பக்கெட்டின் விளிம்பில் ஏறி உட்கார்ந்தவை கட்டைவிரல் நகம் அளவுத் தேரைகள். சொறி முதுகு, குட்டைக் கால். யாரும் தவறாகச் சொல்ல முடியாது.

"பக்கெட்டத் தூக்கிட்டுப் போயி டீச்சர்கிட்ட காட்டினேன் பாப்பா. 'சீட்ட மாத்தி ஒட்டிடறேன், ரெண்டு நிமிஷ வேலை'ன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"பக்கெட்ட எட்டிப் பாத்தாங்க. நல்லாவே பாத்தாங்க. 'போன வருஷம் அஞ்சு மார்க் கொறச்சிருக்கேன், இப்ப மாத்தினா அந்தக் குழாய்க்காரன் வந்து நிப்பான்'னாங்க. அப்புறம், 'உன் வேலை கண்ணாடி கழுவறது'ன்னாங்க. நான் கழுவப் போயிட்டேன்."

ஆக, அத்தைக்குத் தெரியும். தெரிந்த பிறகும் பன்னிரண்டு வருஷம் கரையில் நின்று ஸ்கேலை நீட்டியிருக்கிறார். அறியாமையை மன்னித்துவிடலாம். இதை என்னவென்று சொல்வது?

லேப் அண்ணன் சீட்டுகளைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பென்சிலில் 'தேரை'க்கு 4, 'தவளை'க்கு 5 என்று எண்கள். படத்தில் கொத்துக்கு 4, சரத்துக்கு 5 என்று அச்சிட்டிருந்தது. எந்தச் சீட்டு எங்கே என்று அத்தை போட்டுக் கொடுத்த எண்கள். மேலே மூடிய அந்த நாலு அவருடையதுதான். அத்தை வீட்டு நாட்காட்டியில் அவர் எழுதும் பால் கணக்கில் தினமும் பார்த்த எழுத்து. புவியியல்காரர் ஆங்கிலத்தைச் சரியாகப் படிக்காமல் எண் போட்டிருக்கிறார். படிக்கத் தெரியாதவர் எண்ணைச் சரியாகப் பார்த்து ஒட்டியிருக்கிறார். லேப் அண்ணன் இரண்டையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

வீட்டில் படத்தை விரித்ததும் அத்தை கேட்ட முதல் கேள்வி, "சீட்டு எங்க?"

"லேப் அண்ணன்கிட்ட."

முகம் மாறியது. மாமா எட்டிப் பார்த்து விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். "எங்க ஆபீஸ்ல இப்படி அட்ரஸ் மாத்தி ஒட்டினா மறுநாளே திரும்பி வந்துடும். உங்க ஸ்கூல்ல பதினாலு வருஷம் ஆகுது பாருங்க, டீச்சர்," என்றார். அத்தைக்குக் காது கேட்கவில்லை.

திங்கட்கிழமை கல்வி அலுவலர் விசாரிக்க வருவதாகச் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை லேப் அண்ணனை வீட்டுக்கு வரச்சொன்னார். அவர் செருப்பு வைக்கும் அலமாரியருகில் நின்றார். உட்காரச் சொல்லவில்லை. நான் மேஜையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரிகூடப் படிக்காமல் இருந்தேன்.

"ஒட்டினது நீதானே?"

"நீங்க போட்ட நம்பர்படி ஒட்டினேன் டீச்சர்."

"நம்பர யாரு கேக்கப்போறா? கை உன் கைதானே? ஒட்டும்போது மாறிப்போச்சுன்னு சொல்லு. ஆபீசர் என்ன, தூக்கிலயா போடப்போறார்? இனிமே கவனமா இருன்னு ஒரு வார்த்தை சொல்வார். நான் ஒத்துக்கிட்டா இத்தன வருஷம் திருத்தின பேப்பர் அத்தனையும் கெளம்பி வரும். ஒனக்கு ஒரு வார்த்தை. எனக்கு மானம்."

"என் நிரந்தரம், டீச்சர்..."

"அந்தத் தாள் யார்கிட்ட இருக்கு? என் டிராயர்ல. நாளைக்கு நீ எழுதிக் குடு. நாளன்னிக்குக் காலையில கையெழுத்து. நான் சொன்னாச் சொன்னதுதான்."

அவர் கொஞ்சநேரம் தன் வெளுத்த விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து சீட்டுகளை எடுத்து நீட்டினார். அத்தை வாங்கி, 'ரசீது' டப்பாவில் போட்டு மூடினார்.

வாசல்வரை பின்னாலேயே போனேன். "அண்ணா, நான் வந்து ஆபீசர்கிட்ட சொல்றேன். நான் பாத்தேனே."

"நீ சொன்னா டீச்சர் கையெழுத்துப் போடுவாங்களா பாப்பா?"

மறுநாள் நான் போகவும் இல்லை, சொல்லவும் இல்லை. அதில் என் பங்கு என்னவோ அது இருக்கட்டும், குறைத்து எழுதமாட்டேன்.

திங்கட்கிழமை மாலை அத்தை நல்ல மனநிலையில் வந்தார். அலுவலர் மிகவும் தன்மையானவராம். உதவியாளரின் கவனக்குறைவு என்று லேப் அண்ணன் கைப்படவே எழுதி வாங்கிக் கோப்பில் வைத்தாயிற்றாம். டீச்சர் இத்தனை வேலைக்கு நடுவில் ஒவ்வொரு சீட்டையும் சரிபார்த்துக்கொண்டிருக்க முடியுமா என்று அலுவலரே கேட்டாராம். தவளை தன் வாயால் கெடும் என்று பழமொழி. அத்தை அன்று தன் வாயால் பிழைத்தார், கெட்டது வேறொருவர்.

செவ்வாய் போயிற்று. புதனன்று சாப்பிடும்போது மாமா கேட்டார்.

"அந்தப் பையனுக்குக் கையெழுத்துப் போட்டாச்சா?"

"எப்படிப் போடறது?" என்றார் அத்தை. "கவனக்குறைவுன்னு அவனே எழுதிக் குடுத்து ஃபைல்ல இருக்கு. அப்படிப்பட்டவன நிரந்தரம் பண்ணுங்கன்னு நான் எழுதினா என்னைப் பத்தி என்ன நெனப்பாங்க?"

"எழுதச் சொன்னதே நீங்கதானே."

"சொன்னேன். எழுதினது அவன்."

மாமா ஏதாவது கேலி சொல்வார் என்று பார்த்தேன். அவரோ பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவிவிட்டு வெளியே போய்விட்டார். அத்தை அவர் தட்டை எடுத்து மூடிவைத்தார். மூடிவைத்த முகத்தில் எந்த உறுத்தலும் தெரியவில்லை. இருந்தால்தானே தெரிவதற்கு.

கையெழுத்தில்லாத தாள் காலக்கெடு தாண்டியது. அடுத்த பருவத்தில் அந்த இடத்துக்கு வேறோர் ஆள் நிரந்தரமாகவே வந்தார். லேப் அண்ணனைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

அத்தை புதிய சீட்டுகள் எழுதினார். கொத்து, தவளை, நீளம், தேரை. நேற்றுவரை மாற்றிச் சொன்னவர் என்ற கூச்சம் கொஞ்சமும் இல்லாமல், அதே கரை, அதே குடை, அதே ஸ்கேல். முந்தின ஆண்டு தவறி மறுபடியும் எழுதிய ஒரு பெண், பாவம், அத்தை சொல்லிக்கொடுத்ததை அப்படியே நினைவில் வைத்திருந்து எழுதினாள். ஐந்து மதிப்பெண் போயிற்று. குறுக்கே சிவப்பில், பிழை.

நகராட்சிப் பலகையையும் திருத்தினார்கள். புதுப் பலகை வைக்கவில்லை. அத்தையின் யோசனைப்படி மேலே இரண்டு சீட்டு ஒட்டினார்கள். இரண்டு மழைக்குப் பிறகு அவை உரிந்து குளத்தில் விழுந்தன. இன்றைக்கும் அங்கே நீளமாக இருந்தால் தவளைதான். கீழே அத்தையின் பெயர் மட்டும் மழைக்கும் வெயிலுக்கும் அசையவில்லை.

லேப் அண்ணன் இப்போது ஒரு கண்ணாடிக் கடையில் இருக்கிறார். ஜன்னலுக்கும் படச்சட்டத்துக்கும் கண்ணாடி அறுக்கிறார். கடைக்குப் பின்னால் ஓர் அறையில் குடும்பம். போன வருஷம் அப்பா கேட்டார் என்று ஒரு படத்துக்குச் சட்டம் போடப் போனபோது உள்ளே கூப்பிட்டார். குடியிருப்பு வீட்டுக்காகத் தைத்த திரைச்சீலை இந்த அறை ஜன்னலில் தொங்கியது. ஜன்னல் சிறியது, சீலை தரையில் ஒரு சாண் புரண்டுகொண்டிருந்தது. அவர் மனைவி அதை வெட்டவில்லை.

"டீச்சர் எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

"நல்லா இருக்காங்க."

"இருப்பாங்க, இருப்பாங்க," என்று சிரித்தார். "நம்ம தேரைங்கதான் பாவம். பதினாலு வருஷம் என்ன பேருல பொறந்தோம்னு தெரியாமலே வளந்துதுங்க." கடைக்குத் திரும்பிக் கண்ணாடிமேல் அளவுகோலை வைத்தார். கோடு இழுத்தார், தட்டினார், நேராக விட்டுப் பிரிந்தது.

போன மாதம் அத்தை பணி ஓய்வு பெறுவதாக அப்பாவுக்குத் தொலைபேசி வந்தது. என்னைப் பார்க்க வேண்டும் என்றார்களாம். போனேன். அதே மேஜை. பட்டாணி டப்பா அதே இடத்தில், அதே நூலோடு. மாமா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். நான் இருந்தவரை அதை இறக்கவே இல்லை. அத்தை எனக்கு டீ ஊற்றினார். அப்போது மட்டும் மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார்.

"ஸ்கூல்ல எனக்கு ஒரு மலர் போடறாங்க," என்றார். "வாழ்க்கைக் குறிப்பு ஒண்ணு வேணுமாம். வேற யாரு எழுதினாலும் ஏனோதானோன்னு இருக்கும். நீ ரெண்டு மொழியும் படிச்சவ, இந்த வீட்டுல இருந்து பாத்தவ. சின்ன வயசுலேர்ந்து ஆரம்பி. உயிரியலுக்கு வந்தத எழுது. முக்கியமா அந்தக் குளம். வருஷா வருஷம் புள்ளைங்களக் கூட்டிக்கிட்டுப் போயி, எது எந்த முட்டைன்னு நேர்லயே காட்டுவேனே, அத நல்லா விவரமா எழுது. எவ்வளவு பெருசா இருந்தாலும் பரவாயில்ல, போடச் சொல்றேன். ஒண்ணே ஒண்ணு. அந்த லேப்காரன மட்டும் அதுல இழுக்காத. நல்ல நாளும் அதுவுமா அவன் எதுக்கு?"